நீலம் பிடிக்காதவை

இரவு இரண்டு நாற்பதுக்கு
நான்காம் தொட்டி மூச்சை நிறுத்தியது.
குமிழ்க் கண்ணாடியில் தண்ணீர்
அசையாமல் நின்றது.
ஓஸ்மாரினோ குழாயில் காது வைத்துக் கேட்டான்.
'செத்துவிட்டன' என்றான்.
எதையும் விடிவதற்குள் அடக்கம் செய்துவிடுகிறவன் அவன்.

இது பிரேசிலின் உள்நாடு.
கடல் இங்கிருந்து எட்டு மணி நேரம்,
கரும்பு ஜன்னலுக்கு வெளியே.
சாற்றுக்கு ஆயிரம் பேர் வரிசையில் நிற்கிறார்கள்.
சக்கைக்கு நாங்கள் மட்டும்.

ஆறு உருளைகள் பிழிந்து துப்பிய பின்னும்
அதற்குள் இனிப்பு இருக்கிறது,
நாக்குக்கு எட்டாத இனிப்பு,
நாரோடு நாராய் முறுக்கிப் பூட்டியது.
நீராவியால் அடித்து உடைக்கிறோம்.
பிறகு என்சைம் ஊற்றுகிறோம்.
பூட்டைத் திறக்காது அது,
கரையான்போல் கதவையே தின்னும்.
மூன்றாம் நாள் சேறு தேனாகிறது.
தேன் என்பது கொஞ்சம் மிகை:
கறுத்த பாகு, காடி நாற்றம்.
அதைத்தான் ஈஸ்டுக்குப் பரிமாறுகிறோம்.

இது வேறு ஈஸ்ட்.
ரொட்டிக்காரனுடைய ஈஸ்ட்
சைலோஸை மூலையில் ஒதுக்கிவிட்டு எழுந்துபோகும்.
இதன் மரபில் யாரோ ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்,
இது ஒதுக்குவதில்லை.

நேற்று ஆள் மாறும் நேரத்தில்
நீராவி பதினைந்து பாகை ஏறிப்போயிருக்கிறது.
பார்க்க வேண்டியவன்
பெனால்டி பார்த்துக்கொண்டிருந்தான்.
வெந்து மிஞ்சிய சர்க்கரை
ஃபர்ஃபுராலாக மாறிவிட்டது.
மூடியைத் திறந்தால் வாதுமை வாசனை,
பிறந்தநாள் வீட்டில் கேக் வேகிற மாதிரி.
நஞ்சு இவ்வளவு நல்ல வாசனையோடு
வரக் கூடாது.

ஒரு சொட்டு பாகு,
ஒரு சொட்டு மெத்திலீன் நீலம்.
செத்தவை நீலத்தை வாங்கிக்கொள்ளும்.
உயிருள்ளவை வாங்காது.
உயிர் என்பது, நுண்ணோக்கியின் கீழ்,
ஒரு மறுப்பு.
எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.
நூறில் முப்பத்தெட்டு நீலம்.

'திறந்து விட்டுவிடலாம், ஜுரெமா' என்றான்.
நான்கு லட்சம் லிட்டர்.
'அறுபத்திரண்டு வெள்ளையாக இருக்கிறதே' என்றேன்.
'இருந்து என்ன செய்கின்றன?'
'முதலில் நஞ்சைத் தின்கின்றன.
அது தீராமல் சர்க்கரையைத் தொடாது.'

பந்திக்கு முந்தத் தெரியாத கூட்டம்.
மற்றவர் எச்சிலை எடுத்த பிறகே
உட்காரும் போலிருக்கிறது.

ஆறு மணிக்கு மேலாளர் வருவார்.
அதுவரை காத்திருக்கக்
கெஞ்சி வாங்கினேன்.

ஓஸ்மாரினோ குடியை விட்டுப் பதினோரு ஆண்டுகள்.
வியாழக்கிழமைக் கூட்டத்தில்,
வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில்,
வேலை என்னவென்று யாராவது கேட்டால்
'லாரிகளுக்கு ஊற்றிக் கொடுக்கிறேன்' என்பானாம்.
எல்லோரும் சிரிப்பார்களாம். அவன் சிரிக்க மாட்டானாம்.
ஈஸ்ட் ஆக்கும் சாராயம் ஓர் அளவைத் தாண்டினால்
ஈஸ்டையே கொல்லும்,
அதற்குள் வடித்தெடுத்துவிட வேண்டும்.
அந்த அளவை யாரும் அவனுக்கு
வரைபடம் போட்டுக் காட்டியதில்லை.

நான்கு மணிக்குக் காப்பி தீர்ந்தது.
நான்கரைக்கு மீண்டும் எண்ணினேன்:
நாற்பத்தொன்று நீலம்.
அவனிடம் முப்பத்தொன்பது என்றேன்.

ஐந்து பத்து.
முதலில் என் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன்.
அவன்தான் 'ஒன்று' என்றான்.
நெடுநேரம் எதுவும் இல்லை.
'இரண்டு.'
பிறகு இருபது விநாடி. பிறகு பன்னிரண்டு.
எண்ணுவதை நிறுத்திவிட்டு
குழாயில் காது வைத்தான்,
இம்முறை தொப்பியைக் கழற்றிவிட்டு.

பதிவேட்டில் எழுதினோம்:
நான்காம் தொட்டி, தாமதம், காரணம் வெப்பம்.
மேலாளர் கையெழுத்துப் போட்டார், படிக்காமல்.

விடிந்ததும் ரொட்டிக் கடை.
சில்லறை நீட்டினேன்.
டோர்வலினா என் விரல்களைப் பார்த்தாள்.
'பேனா ஒழுகுகிறதா?'
ஆமாம் என்றேன்.
தூக்கம் வந்தது.